முஹம்மது தம்பியின் முதுகு

இன்ஷிரா மனிதர்களைப் பின்னாலிருந்துதான் வரைவாள். பிடரி, தோள், சாரனை மடித்துக் கட்டிய கட்டு, காலை ஊன்றி நிற்கும்போது இடுப்பில் விழும் சாய்வு. முகம் வரவேண்டிய இடத்தில் ஒரு குடை வந்து நிற்கும், அல்லது வாழையிலை, அல்லது தலையில் சுமந்த ஓலைக் கடகம். சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவளுடைய தொழில். ஒரு கந்தோரிலும் வேலைக்குச் சேராமல் குறிஞ்சாக்கேணியில் தன் வீட்டுக் குசினிக்குப் பக்கத்து மேசையிலிருந்தே அதைச் செய்துவந்தாள். கொழும்பில் வேலை கொடுக்கிறவர்கள் முகமில்லாத அந்தப் படங்களை அவளுடைய பாணி என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

அது பாணியாகத் தொடங்கியதல்ல. பள்ளிக்கூடம் போகும் வயதில் பிஸ்கட் டின் மூடியில் இருந்த பெண்ணின் முகத்தைக் கொப்பியில் பார்த்து வரைந்து, தொழுகிற அறையில் விட்டுவிட்டாள். உம்மா நஜ்முன் நிஸா அதைக் கிழிக்கவில்லை, ஏசவும் இல்லை. தொழுது முடித்த பிறகு பக்கத்தில் இருத்தி, முகம் கீறுறது எனக்கு மனசுக்குச் சரியா இல்ல மகள், மரஞ்செடியைக் கீறன் என்று மட்டும் சொன்னாள். சொன்ன விதத்தில் கெஞ்சல் இருந்தது. அந்தக் கெஞ்சலைத்தான் இன்ஷிராவால் தட்டமுடியவில்லை. கொஞ்சக் காலம் மரமும் வள்ளமும் எருமையும் வரைந்தாள். பிறகு திருகோணமலை நூலகத்தில், பனிக்காட்டில் கரடி நடந்துபோகும் பழைய பிள்ளைகள் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. கரடி அப்பால் பார்த்து நடந்துகொண்டிருந்தது. பனியைக் கண்ணால் கண்டிராத பிள்ளைக்கு, அந்த முதுகைப் பார்த்தே கரடிக்குக் குளிர்கிறது என்று விளங்கியது. முகம் இல்லாமலும் சொல்லலாம் என்பதை அவள் கரடியிடம்தான் கற்றாள்.

அவளுடைய வேலை காலை வெயிலோடு தொடங்கும். கணவன் அஸாம், கடல் தண்ணீர் ஏறும் குளத்துக் கரையில் நண்டு வாங்கி நகரத்துக்கு அனுப்புகிறவன். சுபஹ் தொழுததும் தராசையும் ஐஸ்பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போவான். அவளும் சில நாள் கூடப் போய், கொட்டிலின் ஓரத்தில் பலகை ஒன்றில் இருந்து பென்சிலால் கீறிக்கொண்டிருப்பாள். அங்கே எல்லாரும் குளத்தைப் பார்த்து நிற்கிறவர்கள். வரைகிறவளுக்கு முதுகைத் தவிர வேறு கிடைக்காது. வீட்டுக்கு வந்து பிட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மேசையில் உட்காருவாள். கண்ணாடித் துண்டை இரண்டு செங்கலில் வைத்து, கீழே மின்குமிழை எரியவிட்டு, பென்சிலால் கீறிய கரட்டுத் தாளின்மேல் நல்ல தாளை விரித்து மையால் எடுப்பாள். போனில் படம் பிடித்து, டெப்லட்டில் நிறம் கொடுப்பாள். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் யன்னலால் புழுதி வந்து ஈர மையில் ஒட்டும். யன்னலைச் சாத்தினால் வேர்வை தாளில் விழும். இரண்டுக்கும் நடுவில், நெற்றியில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அவள் வேலை செய்வாள். நஜ்முன் நிஸா குசினியில் இருந்தபடியே, மகளே அந்தப் பச்சை கூடிப்போச்சு என்பாள். அனேகமாக அது சரியாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் பாலர் பாடசாலைகளுக்காகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வந்தன. நேர்மை, பொறுமை, பகிர்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அன்புவழிபுரத்தில் இருக்கும் அருள்மலர்தான் அவற்றுக்குப் பக்கம் அமைத்துக் கட்டுகிறவள். வேலையை இன்ஷிராவுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். நேர்மைக்கான கதையில், விடியுமுன்னே ஒருவன் குளத்தில் இறங்கி மற்றவனுடைய நண்டு வலையைத் தூக்குகிறான். பிறகு வெட்கப்பட்டு நண்டைத் திருப்பிக் கொடுக்கிறான். கள்ளனுக்குக் கதையில் பெயர் இல்லை.

வலையைத் தூக்குகிறவனின் படம் அவளுக்குச் சுலபமாக வந்தது. துறையில் கீறி வைத்திருந்த தாள்களில் ஒன்று, அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. வள்ளத்தில் நிற்கிற ஒருவர், வள்ளத்தைத் தள்ளித் தாங்கிப் போகிற கம்பை இடது கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு, வலது கையால் வலையை இழுக்கிறார். இடது தோள் தாழ்ந்து, முதுகு ஒரு பக்கமாக வளைந்து, தண்ணீரைத் தொடப்போகிற கொக்கைப்போல இருந்தது. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. தொப்பியைக் கொஞ்சம் மாற்றினாள், சாரனுக்கு வேறு நிறம் போட்டாள். முகம் இல்லை, ஆகவே அது யாரும் இல்லை என்று நினைத்தாள்.

குறிஞ்சாக்கேணிக் குளத்தில் கம்பைக் கக்கத்தில் இடுக்கி வலை தூக்குகிறவர் ஒருவர்தான். இளமையில் தென்னையால் விழுந்து தோள் சரிந்த முஹம்மது தம்பி. மற்றவர்கள் கம்பைச் சேற்றில் குத்தி வள்ளத்தை அதில் கட்டிவிட்டுக் குனிவார்கள். அவருக்கு அப்படிக் குனிய வராது. இன்ஷிரா அவரைத் திரும்பத் திரும்பக் கீறியதால், வலை தூக்குவது என்றால் இப்படித்தான் என்று அவள் கைக்குப் பழகியிருந்தது.

புத்தகம் பாடசாலைகளுக்கு வந்த கிழமை, ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திருப்பிய உடனேயே முஹம்மது தம்பி மூத்தாப்பா என்று கத்தியிருக்கிறார்கள். ரீச்சரும் சிரித்திருக்கிறாள். அஸாம் அதைத் துறையில் கேட்டு, வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத் தானும் சிரித்தான். இன்ஷிரா சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து யன்னல் பக்கம் வைத்துப் பார்த்தாள். வரைந்து முடித்ததிலிருந்து நூறு தரம் பார்த்த படம்தான். அன்றைக்குத்தான் அதில் ஒரு மனிதர் இருந்தார்.

சிரிப்பு அதோடு நின்றிருந்தால் போயிருக்கும். அந்தப் பருவத்தில் மெய்யாகவே குளத்தில் வலைகள் வெறுமையாக வந்துகொண்டிருந்தன. யாரோ விடியுமுன் தூக்குகிறார்கள் என்று ஒரு கதை ஏற்கனவே இருந்தது. ஆளில்லாத அந்தக் கதைக்குப் புத்தகம் ஓர் ஆளைக் கொடுத்தது. ஒருவரும் அவர்தான் என்று சொல்லவில்லை. அவர் துறைக்கு வந்தால், என்ன காக்கா, புத்தகத்தில எல்லாம் வாறீங்க என்று கேட்டார்கள். இரவில் நித்திரை வருகுதா என்று ஒருவன் கேட்டான். ஊரில், வலைகளின் மிதப்புகளில் கட்டிய துணியின் நிறத்தைப் பார்த்தே வலை யாருடையது என்று தெரியும். முஹம்மது தம்பியின் மிதப்புகளுக்குப் பக்கத்திலேயே தன்னுடையதைப் போட்டுவந்த ஹிஸ்புல்லா, ஒரு நாள் தன் மிதப்புகளைத் தூரக் கொண்டுபோய்ப் போட்டான். அதைக் கரையில் எல்லாரும் கண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் பகிடி விடவில்லை. பகிடி விட்ட காலமே நல்லது என்று சொல்லும்படி ஆயிற்று.

ஹிஸ்புல்லாவிடம் அஸாம் கேட்டபோது, அவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல எண்டு எனக்குத் தெரியும் மச்சான், ஆனா ரெண்டு பேரும் கூட்டு எண்டு ஊர் கதைச்சா? எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னானாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முதல் வரிசையில் முஹம்மது தம்பி நிற்கும் இடம் காலியாக இருந்தது. சற்று நேரம் யாரும் அந்த இடத்தில் நிற்கவில்லையாம். பிறகு வரிசையை நிரப்பச் சொன்னபோது, பின்னாலிருந்து ஒருவர் வந்து நின்றிருக்கிறார்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய மனைவி உம்மு குல்சும் இன்ஷிராவின் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து இன்ஷிரா குசினிக்குள் போய் நின்றாள். வந்தவள் கதிரையில் இருந்து, நஜ்முன் நிஸா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்து, காற்றுக்குக் கத்தரிக்கன்று நிற்காமல் சரிவதைப் பற்றியும் மூதூரில் தயிர் விலைப்படுவதைப் பற்றியும் கதைத்தாள். போகிற நேரம், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"அவரு வள்ளத்தக் கரையில கவுத்துப் போட்டாரு புள்ள. இனிப் போகயில்லையாம்."

நஜ்முன் நிஸா அல்லாஹ் என்றாள்.

"நேத்து பேத்திர புத்தகத்த வாங்கிப் பாத்தாரு. கனநேரம் பாத்தாரு. அவருக்கு அவருட முதுகு எப்பிடி இருக்கும் எண்டு தெரியாதாம். இப்பதான் கண்டன் எண்டு சொன்னாரு."

அவள் போன பிறகு இன்ஷிரா மேசைக்குப் போகவில்லை. கொழும்பிலிருந்து அடுத்த புத்தகத்துக்கான கதை வந்து கிடந்தது. சந்தைக்குப் போகும் ஒரு குடும்பம். இலேசான வேலை. அடுத்த நாள் காலை உட்கார்ந்து சந்தைக்காரர்களைக் கீறத் தொடங்கினாள். கூடையைத் தூக்கும் பெண்ணின் தோள் பக்கத்து வீட்டு மாமியுடையதாக வந்தது. அழித்தாள். மீன் வெட்டுகிறவர் கிண்ணியா பஸ்ஸில் வருகிற ஒருவராக வந்தார். அதையும் அழித்தாள். அவளுக்குத் தெரிந்த முதுகு எல்லாம் யாரோ ஒருவருடையது. இத்தனை நாளும் ஒரு ஊரையே கேட்காமல் எடுத்து வைத்திருக்கிறேன் என்று அவளுக்குப் பட்டது. தாள் தேய்ந்து கிழிந்தது.

நஜ்முன் நிஸா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் இருந்தாள்.

"தொழுகைய விட்டா அல்லாஹ்கிட்ட அழுது கேக்கலாம் மகள். அடியான்ட ஹக்கு, மத்த மனிசனுக்குச் செஞ்ச குத்தம், அப்பிடி இல்ல. அத அந்த மனிசன்தான் பொறுத்துத் தரணும்."

"நான் வேணுமெண்டு செய்யல்ல உம்மா."

"தெரியும். வேணுமெண்டு எறியாத கல்லும் படத்தானே செய்யும்."

இரண்டு பேரும் அன்று பின்னேரமே போனார்கள். முஹம்மது தம்பியின் வீடு குளத்தங்கரையில், காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் வீடு. முற்றத்தில் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு அறுந்த கண்களைக் கட்டிக்கொண்டிருந்தார். இனிப் போகாதவர் ஏன் வலை கட்டுகிறார் என்று கேட்க இன்ஷிராவுக்குத் தைரியம் வரவில்லை. வாங்க என்றார். இருக்கச் சொன்னார். அவள் நின்றபடியே, பொறுத்துக்கொள்ளுங்க மாமா, தெரியாமச் செஞ்சிட்டன் என்றாள்.

அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார்.

"துறையில எத்தின பேர் நிக்கிறாங்க புள்ள. கள்ளனுக்கு என்ட முதுகுதானா கிடைச்சது?"

"நீங்க வலை தூக்குறது வடிவா இருந்தது மாமா. அதுதான் கீறினன்."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. உம்மு குல்சும் வாசலில் வந்து நின்றாள். சரிந்த தோளை இளமையிலிருந்தே சட்டைக்குள் மறைத்துத் திரிந்தவர் அவர். கலியாணத்துக்குப் பெண் பார்த்த வீட்டில்கூட அதைப் பற்றிக் கேட்டார்களாம். வடிவு என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் வலையின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

"நான் பொறுத்திட்டன்," என்றார். "உன்னில எனக்குக் கோவம் இல்ல. ஆனா நான் பொறுத்தா மட்டும் சரியா? அந்தப் புத்தகம் இனி வாற பிள்ளையளுக்கும் என்னத்தானே காட்டப் போகுது."

வழியில் காற்று இருவருடைய முக்காட்டையும் இழுத்தது. வீட்டுக்கு வந்து தொழுகைக்கு வுளூச் செய்யப் போன நஜ்முன் நிஸா, கையில் தண்ணீரோடு திரும்பி வந்தாள்.

"முகத்தக் கீறு," என்றாள்.

இன்ஷிராவுக்கு விளங்கவில்லை.

"அந்தக் கள்ளன இங்கால திருப்பு. ஒரு முகத்த வை. முகம் இருந்தா அவரு இல்ல எண்டு பச்சப் பிள்ளைக்கும் விளங்கும்."

"நீங்கதானே உம்மா..."

"ஓம், நான்தான் வேணாம் எண்டன். உன்ன ஒரு பாவத்துல இருந்து காப்பாத்த எண்டு நினைச்சன். இப்ப அதுக்குள்ள இன்னொரு மனிசன் அகப்பட்டிருக்காரு. மறுமையில கேள்வி வந்தா, நான்தான் சொன்னன் எண்டு நானே சொல்லிக்கிறன். நீ கீறு."

சொல்லிவிட்டு அவள் தொழப் போனாள். அன்று அவள் நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் இருந்த நேரம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

முகம் வரைவது இன்ஷிராவுக்குக் கை மறந்த வேலை. அதைவிடக் கஷ்டம், ஒரு கள்ளனுடைய முகத்தைத் தேடுவது. முதலில் வந்தது பஸ் கண்டக்டரின் முகம். அவர் கைக்குழந்தைக்காரிகளுக்கு எழும்பி இடம் கொடுக்கச் சொல்கிறவர். தாளைக் கவிழ்த்தாள். அடுத்ததில் மூக்கை மாற்றினாள். அஸாம் வந்து நின்றான். நெற்றியை அகலமாக்கினாள், மௌத்தாகி மண்ணுக்குப் போன வாப்பா தாளிலிருந்து அவளைப் பார்த்தார். பென்சிலை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் வெறுமனே தண்ணீர் குடித்தாள். ஊரில் கள்ளனுக்கென்று ஒரு முகம் இல்லை. எந்த முகத்தை எடுத்தாலும் அது ஒரு வீட்டில் சோறு தின்னுகிற முகமாக இருந்தது.

கேட்காமல் எடுக்கக்கூடிய முகம் ஒன்றுதான் இருக்கிறது என்று விளங்க, அவளுக்கு அடுத்த நாள் பகல் ஆயிற்று. அஸாம் முகம் வழிக்கிற கண்ணாடியை எடுத்து மேசையில் சீனிப் போத்தலோடு சாத்தி வைத்தாள். தன் கண்ணை, தன் நாடியை, இடது கன்னத்து மச்சத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். தொப்பி போட்டாள். அடர்ந்த மீசை ஒன்று வைத்தாள். கள்ளன் வள்ளத்தில் நேராக நின்று, கம்பைச் சேற்றில் குத்திவிட்டு, இரண்டு கையாலும் வலையைத் தூக்கிக்கொண்டு, பார்க்கிறவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றான். பின்னேரம் வந்த அஸாம் அதைக் கனநேரம் பார்த்தான்.

"உனக்கு மீச பொருந்துது," என்று சிரித்தான்.

அந்த வீட்டில் கொஞ்ச நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. முஹம்மது தம்பியின் கதைக்கு வீட்டில் முதல் சிரித்தவன் தான் என்பது நினைவு வந்து, அவனே அதைப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கொழும்பில் புத்தகம் போட்ட பதிப்பக அம்மா நல்லவிதமாகக் கதைத்தார். அடுத்த பதிப்பில் புதுப் படத்தைப் போடலாம், அச்சாகிப் போனதற்குத் தாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது, பழைய படத்தின்மேல் புதியதை ஒட்ட விரும்பினால் ஒட்டுங்கள் என்றார். அருள்மலர் தன் பிரிண்டரில் படத்தை ஒட்டுத் தாளில் எடுத்து, ஸ்கூட்டியில் கிண்ணியாவுக்கு வந்தாள். அவளுக்குக் கிழமைநாளில் வேறு வேலை இருந்தது. அதைப் பற்றி அவள் சொல்லவில்லை.

"மாதா கோயில் சுரூபத்துக்கே இவ்வளவு கவனமாப் பெயின்ற் அடிக்கிறேல்லை, நீ உன்ர மீசைக்கு அடிச்சிருக்கிறாய்," என்றாள் படத்தைப் பார்த்து.

இருவரும் பாலர் பாடசாலை பாடசாலையாகப் போனார்கள். கிறவல் தெருவில் புழுதி கண்ணில் அடித்தது. ரீச்சர்மார் புத்தகங்களைத் தரையில் பரப்பிக் கொடுத்தார்கள். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு கல்லை வைத்து, ஓரம் ஓரமாகத் தேய்த்து ஒட்டினார்கள். முதல் பாடசாலையில் ஒரு பெண்பிள்ளை ஒட்டிய பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு இன்ஷிராவைப் பார்த்தாள். திரும்பப் பக்கத்தைப் பார்த்தாள்.

"இது நீங்க, ராத்தா."

"ஓம். நான்தான் நண்டு களவெடுத்தனான்."

"மீச?"

"ஆருக்கும் தெரியாம இருக்கத்தான்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னேரமாகுமுன் அந்தச் சிரிப்பு ஊருக்குள் போய்விட்டது. கடையில் பருப்பு வாங்கப் போனவளை நண்டுக் கள்ளி என்று ஒரு கிழவர் கூப்பிட்டார். அவள் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள். அது வலிக்கவில்லை என்றில்லை. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்தபோது, முஹம்மது தம்பி தூக்கிக்கொண்டு நடந்த பாரம் எவ்வளவு என்று அவளுக்குக் கொஞ்சம் தெரிந்தது. அவளுடையதில் பகிடி இருந்தது. அவருடையதில் அதுகூட இருக்கவில்லை.

வேறொரு பாடசாலையில் ஒரு பையன் ஒட்டிய பக்கத்தை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"உள்ளுக்கு இன்னும் அவரு இருக்காரு," என்றான்.

இன்ஷிரா வாங்கிப் பார்த்தாள். மெய்தான். வெயில் ஊடுருவியபோது அவளுடைய திகைத்த முகத்தின் அடியில், தாழ்ந்த தோளோடு அந்த முதுகு மங்கலாகத் தெரிந்தது. அருள்மலர் பக்கத்தை வாங்கி, தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். கறுப்புத் தாள் வேணும், அடியில வச்சு ஒட்டினா வெளிச்சம் போகாது என்றாள். ஒட்டிய பாடசாலைகளுக்கெல்லாம் திரும்பப் போய், ஒட்டியதன்மேல் கறுப்புத் தாளை வைத்து, அதன்மேல் புதிதாக ஒன்றை ஒட்டினார்கள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்தது. நஜ்முன் நிஸா இருவருக்கும் இடியப்பமும் சொதியும் கட்டிக் கொடுத்திருந்தாள். ஒரு பாடசாலை வேப்பமரத்தின் கீழ் இருந்து சாப்பிட்டார்கள். அருள்மலர் சாப்பாட்டுக்கு முன் சிலுவை போட்டாள், இன்ஷிரா பிஸ்மில்லாச் சொன்னாள். நெற்றிக்குப் போன விரலில் இருந்த பசை பட்டு, சாப்பிட்டு முடியும்வரை அருள்மலரின் நெற்றியில் ஒரு கறுப்புத் துண்டு ஒட்டியிருந்தது.

கடைசியாக ஒட்டியது முஹம்மது தம்பியின் பேத்தியுடைய புத்தகம். அதை உம்மு குல்சும் கையால் வாங்கிப்போய் உள்ளே காட்டினாள். திரும்பி வந்து, பாத்துட்டாரு என்றாள். அவ்வளவுதான்.

சில நாள் கழித்து, அஸாமோடு துறைக்குப் போன இன்ஷிரா, கவிழ்ந்திருந்த வள்ளம் தண்ணீரில் நிற்பதைக் கண்டாள். காற்று அன்று படுத்திருந்தது. முஹம்மது தம்பி கம்பால் தாங்கித் தாங்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தார். துறையில் இருந்தவர்கள் ஐஸ் உடைப்பதும் நண்டின் காலைக் கட்டுவதுமாக இருந்தார்கள், ஆனால் எல்லாருடைய கண்ணும் அங்கேதான் இருந்தது. அவருடைய மிதப்புகள் கிடந்த இடத்துக்குப் போக, மற்றவர்களின் வலைகளைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் மிதப்புக்குக் கிட்ட வந்ததும் அவர் கம்பை வள்ளத்துக்குள் கிடத்தினார். இரண்டு கையையும் தோளுக்கு மேலே உயர்த்தினார். சரிந்த தோளில் ஒரு கை பாதிதான் உயர்ந்தது. அப்படியே நின்றார். வள்ளம் தானாக மிதந்து அந்த மிதப்பைத் தாண்டியது. பிறகு கம்பை எடுத்தார். அடுத்த மிதப்பு வந்ததும் கம்பைக் கிடத்திவிட்டுத் திரும்பவும் கையை உயர்த்தினார்.

துறையில் ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றது. இன்ஷிரா பார்க்கமாட்டாமல் தராசைப் பார்த்தாள். அஸாம் படிக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். அடுத்த நாளும் அவர் அப்படித்தான் போனார். அதற்கடுத்த நாளும். கரையிலிருந்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது. வேண்டாம் என்றால், முன்பு சந்தேகப்பட்டோம் என்று ஒத்துக்கொண்டதாகும்.

ஒரு காலை ஹிஸ்புல்லாவின் வள்ளம் அவருடைய வள்ளத்துக்குக் குறுக்கே வந்தது. தண்ணீருக்கு மேலே கதை தெளிவாகக் கேட்டது.

"கையக் கீழ போடுங்க காக்கா."

"நான் தொடயில்ல எண்டு எல்லாருக்கும் தெரியட்டும் எண்டுதான்."

"எங்களுக்குத் தெரியும்."

முஹம்மது தம்பி கையை இறக்கவில்லை. அவருடைய வள்ளம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹிஸ்புல்லா தலையைச் சொறிந்தான். தன் மிதப்பு ஒன்றைக் காட்டினான்.

"அந்த வலைய ஒருக்காத் தூக்கிப் பாருங்க. எனக்குத் தோள் ஏலாம இருக்கு."

அவனுடைய தோளுக்கு ஒன்றும் இல்லை. சற்று முன்தான் நிறைந்த ஐஸ்பெட்டி ஒன்றைத் தனியாகத் தூக்கி வைத்ததைத் துறையில் எல்லாரும் கண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முஹம்மது தம்பி கரைப்பக்கம் பார்த்தார். அங்கே நின்றவர்களில் மூத்த ஒருவர், தூக்குங்க தம்பி, வெயில் ஏறுது என்றார்.

அவர் கையை இறக்கினார். கம்பைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வலை நனைந்து பாரமாக வந்தது. பாசியும் ஒரு சோகிச் சிப்பியும் வந்த பிறகு, கடைசியில் இரண்டு நண்டு.

"என்ன இருக்கு காக்கா?"

"ரெண்டு. ஒண்டு சினை."

"சினைய விடுங்க."

சினை நண்டை அவர் தண்ணீரில் தாழ்த்தி விட்டார். மற்றதைக் காலைப் பிடித்து எடுத்தார். ஹிஸ்புல்லா கையை நீட்டிக்கொண்டிருந்தான். வள்ளம் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. முஹம்மது தம்பி அந்த நண்டை, கரையில் நின்ற எல்லாரும் காணும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, பிறகுதான் அவன் கையில் கொடுத்தார்.